செதுக்கும் மெஷினைக் கடனில் வாங்காதீர்கள், வீட்டிலேயே கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், இருபத்தாறு வருடமாக. அப்பா தச்சாசாரி. அண்ணன் இன்றைக்கும் தச்சாசாரிதான். நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, கோயில் வாகனம் என்று வேலை செய்கிறார். நான்தான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு உளியை விட்டுக் காயிலுக்கு வந்தவன். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தில் செதுக்கும் சி.என்.சி. மெஷின் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கள் பக்கத்து ஆசாரிமார் வீட்டுப் பையன்கள் பலர் லட்சக்கணக்கில் கடன் போட்டு அதை வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். வேண்டாம், முதலில் சின்னதாக ஒன்றை உங்கள் கையால் கட்டிப் பாருங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நானும் என் மகளும் கட்டினோம். ஆன செலவு பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூட.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சித்தப்பா மகன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தேவகோட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறான். வெளியூர் கம்பெனி ஒன்றிடம் 2.75 லட்சத்துக்கு மெஷின் எடுத்தான், முழுக்கக் கடன். ஐந்து மாதம் குறையில்லாமல் ஓடியது. ஒரு நாள் இடி மின்னலோடு மழை, அன்றோடு கண்ட்ரோல் கார்டு போய்விட்டது. போன் செய்தால் ஆள் வர வேண்டும் என்றார்கள், ஆள் வர முன்பணம் என்றார்கள், ஏழு வாரம் கழித்து ஒருவர் வந்து வேறு கார்டு போட்டுவிட்டுப் போனார், அதுவும் இரண்டு மாதத்தில் போனது. என்னைக் கூப்பிட்டான். மூடியைக் கழற்றிப் பார்த்தால் கார்டில் உள்ள ஒரு சிப்பின் மேலும் எண் இல்லை, எல்லாவற்றையும் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். எந்தச் சிப் என்று தெரிந்தால்தானே வேறு வாங்கி மாற்ற முடியும்? இருபத்தாறு வருடம் கரண்டோடு பழகிய என்னாலேயே அதில் கை வைக்க முடியவில்லை. இன்றைக்கு அந்த மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது, தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் டிப்ளமோ இரண்டாம் வருடம் படிக்கும் மகள், "அப்பா, அந்த மெஷினுக்குள்ளே இருக்கிறது மூணு மோட்டார், ஒரு கார்டு, மரத்தைக் குடையுற ஒரு ரூட்டர், அவ்வளவுதானே" என்றாள். சரி, பார்ப்போம் என்று ஆரம்பித்தோம்.

முதலில் செய்தது மரம் செதுக்கும் மெஷினே அல்ல. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த இரண்டு டிவிடி டிரைவை வாங்கி வந்து பிரித்தோம். ஒவ்வொன்றிலும் சுண்டு விரல் அளவுக்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் அதோடு சேர்ந்த மெல்லிய திருகுத் தண்டும் இருக்கும். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை அதற்குக் குறுக்காகவும் வைத்து, மேலே ஒரு பேனாவைக் கட்டினால் நாலு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் படம் வரையும். பொம்மைதான். ஆனால் ஸ்டெப்பர் மோட்டாருக்கு வயர் கொடுப்பது எப்படி, கம்ப்யூட்டரில் எழுதும் வரி அசைவாக மாறுவது எப்படி என்பதெல்லாம் எங்களுக்கு அங்கேதான் பிடிபட்டது. ஆரம்பிக்கிற யாரும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். இதில் என்ன கருகினாலும் நூறு இருநூறோடு போய்விடும்.

காயில் கட்டுகிறவன் என்பதால் ஸ்டெப்பர் மோட்டார் எனக்கு உடனே பிடித்துப்போனது. சாதாரண மோட்டாருக்குக் கரண்டு கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை, ஒரு துடிப்பு கொடுத்தால் ஓர் அடி மட்டும் நகர்ந்து நிற்கும். அடுத்து மரம் செதுக்கக் கட்டிய மெஷினுக்குப் போட்ட நெமா 17 அளவு மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும், அதாவது ஓர் அடிக்கு 1.8 டிகிரி. உள்ளே இரண்டு காயில், வெளியே நாலு வயர். எந்த வயருக்கு எது ஜோடி என்று தெரியாமல் திகைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மல்டிமீட்டர்கூட வேண்டாம், ஏதாவது இரண்டு வயரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள், திடீரென்று இறுக்கமாகத் தெரிந்தால் அந்த இரண்டும் ஒரே காயில்.

மூளைக்கு ஆர்டுயினோ ஊனோ கார்டு. ஆர்டுயினோவை 2005ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கினார்கள், அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்துவிட்டதால் இன்றைக்கு 450 ரூபாய்க்கு நகல் கார்டு கிடைக்கிறது. அதில் ஏற்றும், கம்ப்யூட்டர் வரியை மோட்டார் அசைவாக மாற்றும் ஜி.ஆர்.பி.எல். என்ற புரோகிராமை 2009ல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதற்கு ஒரு பைசா செலவில்லை, பூட்டும் கிடையாது. கார்டு கருகினால் 450 ரூபாய்க்கு இன்னொன்றை வாங்கி, அதே புரோகிராமை ஏற்றி, எழுதி வைத்திருக்கும் அளவுகளைப் போட்டால் அன்றைக்கு மத்தியானமே மெஷின் ஓடும். சித்தப்பா மகனுக்கு ஏழு வாரம் எடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

செலவு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் கொடுத்த விலை இது, இடத்துக்கு இடம் கூடக் குறைய இருக்கும். ஸ்டெப்பர் மூன்று 2,250, ஊனோ கார்டு 450, அதன் மேல் செருகும் ஷீல்டு 180, மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் ஏ4988 டிரைவர் கார்டு மூன்று 330, பவர் சப்ளை 950, திருகுத் தண்டும் நட்டும் கப்ளிங்கும் மூன்று செட் 1,500, வழவழப்பான தண்டுகளும் பேரிங்கும் 2,400, செதுக்குவதற்கான 775 மோட்டாரும் வெட்டும் முனையான பிட்டைப் பிடிக்கும் சக்கும் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கார்டும் 1,600, பிட்டுகள் 600, ஓரத்தைத் தொட்டதும் மெஷினுக்குச் சொல்லும் லிமிட் சுவிட்ச், வயர், எமர்ஜென்சி பட்டன், போல்ட்டு நட்டு எல்லாம் 900. ஆக 11,160. சட்டத்துக்கு அண்ணன் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த 18 மி.மீ. மெரைன் பிளை. அப்புறம் தப்புச் செய்து கருக்கியது, உடைத்தது என்று ஒரு ஆயிரத்துச் சொச்சம். பழைய லேப்டாப் வீட்டிலேயே இருந்தது. முப்பது சென்டிமீட்டருக்கு இருபது, அந்த அளவுக்குள் செதுக்கும்.

தப்புகளையும் எழுத வேண்டும், ஏனென்றால் பணம் போவது அங்கேதான். முதல் நாள் 50 மி.மீ. கோடு போடச் சொன்னால் 31 மி.மீ. சொச்சம்தான் வந்தது. மகள் மெஷினைச் சந்தேகப்பட்டாள், நான் நட்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் கணக்குதான் தப்பு. மோட்டார் 200 அடி, டிரைவர் ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரிக்கிறது, ஆகச் சுற்றுக்கு 3,200. திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். 3,200ஐ எட்டால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 400 வருகிறது, ஆனால் ஜி.ஆர்.பி.எல். ஏற்றியவுடன் அதில் 250 என்றுதான் இருக்கும். அதை மாற்றினோம், ஸ்கேல் வைத்தால் ஐம்பது ஐம்பதாகவே நின்றது. அன்றைக்கு இரவு மகள் தூங்கவே இல்லை.

இரண்டு டிரைவரைக் கருக்கியது நான். பவர் இருக்கும்போதே மோட்டார் வயரைக் கழற்றிவிட்டேன், ஒரு நொடிதான். அதே போல டிரைவரில் ஒரு குட்டித் திருகு இருக்கும், மோட்டாருக்கு எவ்வளவு கரண்டு போகலாம் என்று அதில்தான் வைக்க வேண்டும். எங்கள் டிரைவரில் 0.1 ஓம் ரெசிஸ்டர், அதற்கு 0.8 வோல்ட் வைத்தால் ஒரு ஆம்பியர். கூட வைத்தால் டிரைவர் சூடேறி நடுவில் நின்று நின்று ஓடும், குறைய வைத்தால் மோட்டார் அடியைத் தவறவிடும், அப்புறம் பூ ஒரு பக்கமும் காம்பு ஒரு பக்கமும் வரும்.

செதுக்கும் மோட்டாரைத் தாங்கும் வழவழப்பான தண்டு விஷயத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் 8 மி.மீ. தண்டு போட்டோம், செதுக்கும் மோட்டாரின் எடைக்கு நடுவில் தொய்ந்து, பலகையின் நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் வெட்டியது. 12 மி.மீ. போட்டதும் சரியானது. மேலே சொன்ன 2,400 அந்தத் தடித்த தண்டின் விலைதான். பித்தளை நட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு வாங்குங்கள், வட்டம் கோணாமல் வட்டமாகவே வரும். இன்னொன்று, 775 மோட்டாரின் பிரஷ் பொறி லிமிட் சுவிட்ச் வயரில் ஏறி, ஒன்றும் தொடாமலேயே மெஷின் நின்றுகொண்டிருந்தது. மோட்டார் முனையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து, சுவிட்ச் வயரைத் தள்ளிக் கொண்டுபோன பிறகுதான் அடங்கியது. ஆர்மேச்சர் பார்க்கிறவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

கரண்டு போனால் மெஷினுக்கு எங்கே நின்றோம் என்று ஞாபகம் இருக்காது. அதற்காகவே லிமிட் சுவிட்சை வைத்து, கரண்டு வந்ததும் மூலைக்குப் போய்த் தொட்டுவிட்டு வரச் செய்ய வேண்டும். நம் ஊரில் இதை விட்டுவிட்டு மெஷின் கட்டாதீர்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. "தம்பி, இது வெட்டும். செதுக்குமா?" என்றார். பதில் சொல்லவில்லை, ஒரு தேக்குத் துண்டை வைத்து ஓட்டினோம். பத்தே நிமிடத்தில் பிட் முறிந்தது. பழைய பர்மா தேக்கு, உள்ளே ஆணி ஒடிந்து கிடந்திருக்கிறது. அண்ணன் துண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, பழைய மரத்தைக் காந்தம் வைத்துப் பார்க்காமல் உளி வைக்கக் கூடாது என்று அப்பா சொல்வாரே என்றார். தேக்கில் மண் சத்து உண்டு, சிலிக்கா, அதனால் உளியே சீக்கிரம் மழுங்கும், அண்ணன் நாளைக்கு நாலு தடவை தீட்டுவார். சாதாரண ஸ்டீல் பிட் தேக்குக்குத் தாங்கவில்லை. கார்பைடு பிட் போட்டு, ஒரு முறைக்கு அரை மி.மீ. ஆழம் மட்டும் இறக்கி, நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் விட்டால் சின்ன மோட்டாரே தேக்கை வெட்டுகிறது. இந்த அளவுக்கு வந்து சேர அண்ணனின் கைப்பக்குவம்தான் உதவியது. மரம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே பிசிறும் என்று அவர் பார்த்துச் சொன்னார், நாங்கள் வெட்டும் திசையை மாற்றினோம்.

பெயர்ப்பலகை பற்றி ஒன்று சொல்கிறேன். இன்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரில் தமிழில் எழுதி, எழுத்தைக் கோடாக மாற்றி அப்படியே மெஷினுக்குக் கொடுத்தால், எழுத்தின் இரண்டு ஓரத்தையும் சுற்றி வந்து இரட்டைக் கோடாகத்தான் போடும். பார்க்க வெறுமையாக இருக்கும். வி வடிவப் பிட் போட்டு, எழுத்து தடித்த இடத்தில் ஆழமாகவும் மெலிந்த இடத்தில் மேலாகவும் போகும்படி கணக்குப் போட வேண்டும், அதற்கு எஃப்-என்கிரேவ் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. 90 டிகிரி பிட்டில் 4 மி.மீ. அகலக் கோட்டுக்கு 2 மி.மீ. ஆழம், 60 டிகிரி பிட்டில் அதே அகலத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மி.மீ. தமிழ் எழுத்தின் சுழிகள் இதில் வந்து விழும் அழகைப் பார்த்துத்தான் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இதனால் ஆசாரி வேலை போய்விடுமா என்று கேட்கிறவர்களுக்கு அண்ணன் பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர் ஒருவர், ஒரே மாதிரிக் கொடிவேலைப் பலகை இருபத்துநாலு கேட்டார், ஒவ்வொன்றும் இருபதுக்குப் பதினைந்து சென்டிமீட்டர். முன்பெல்லாம் அண்ணன் இந்த மாதிரி வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார், ஒரே பூவை இருபத்துநாலு தடவை செதுக்கினால் தோள்பட்டை போய்விடும் என்று. இப்போது பூவைச் சுற்றியுள்ள வேண்டாத மரத்தை எடுப்பதும் வடிவத்தைத் தோராயமாகக் கொண்டுவருவதும் மெஷின், ஒரு பலகைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். மேலே ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடுவோம், அது அண்ணனின் உளிக்கு. இந்த மெஷினின் பிட் மேலே இருந்து கீழே மட்டும்தான் இறங்கும், இலையின் அடியில் நுழைந்து குடைய முடியாது. அண்ணன் உளியைச் சாய்த்துக் கொடுத்து, இலைக்கு அடியில் ஒரு தட்டுத் தட்டி நிழல் விழ வைப்பார் பாருங்கள், பலகைக்கு உயிர் வருவது அந்தத் தட்டில்தான். பெரிய காசு போட்டு வாங்கும் மெஷினிலும் மூன்று அச்சு மட்டும் இருந்தால் இதே கதைதான். இருபத்துநாலும் முடித்துக் கொடுத்தார், தோள் வலிக்குத் தைலம் தேய்க்கவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது ஒன்று இருக்கிறது. எங்கள் பகுதியில் வீடுகள் பிரிக்கப்படுவது எல்லோருக்கும் தெரியும். செட்டிநாட்டு ஊர்கள் 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன என்று பெருமையாகப் பேசுகிறோம், அதே நேரம் தூணும் நிலையும் லாரியில் ஏறுகின்றன. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு முன்னால் நடந்து பாருங்கள், நிலைக்கு மேலே வைக்கும், கஜலட்சுமி உட்கார்ந்த சூரியப்பலகை சுவரில் சாய்ந்து நிற்கும், எந்த ஊர், எந்த வளவு, யார் கைவேலை என்று எதுவும் தெரியாது. விற்றுப் போனால் அந்த வேலைப்பாட்டை மறுபடி பார்க்க வழியில்லை. இப்போது நானும் மகளும் ஒரு வேலை செய்கிறோம். தெரிந்தவர் வீடு பிரிக்கிறார்கள் என்றால் முதல் நாளே கேட்டு அனுமதி வாங்கிப் போய், மெல்லிய தாளை நிலையின் மேல் ஒட்டிப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து உரு எடுக்கிறோம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேராக நின்று போட்டோவும் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து மகள் அதை இன்க்ஸ்கேப்பில் கோடு கோடாக வரைந்து வைக்கிறாள். இதுவரை பதினொன்று ஆகியிருக்கிறது. அவற்றில் ஒரு கொடியைப் பார்த்து அண்ணன், இது நம் தாத்தா பட்டறையில் அப்பா காட்டிய கொடி என்றார். அப்பா போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. அந்தக் கொடியைத்தான் முதல் முதலில் மெஷினில் போட்டு, அண்ணன் கையால் முடித்து, வீட்டு சாமி அறைக் கதவில் வைத்திருக்கிறோம்.

ஜாக்கிரதை பற்றியும் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு இறங்குவார்கள். செதுக்கும் மோட்டாருக்குப் பதிலாக நீல லேசர் போட்டு மரத்தைச் சுட்டு எழுதும் வகையும் இருக்கிறது, விலை குறைவு, பார்க்க எளிது. ஆனால் அந்த வெளிச்சம் பலகையில் பட்டுத் தெறித்தாலும் கண் போகும். அந்த லேசருக்கென்றே உள்ள கண்ணாடி இல்லாமல் ஓட்டக் கூடாது, சாதாரண கறுப்புக் கண்ணாடி காப்பாற்றாது. பிவிசி பொருள் எதையும் லேசரில் வைக்காதீர்கள், அமில வாயு வரும், நெஞ்சுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். எங்கள் மெஷினில் லேசர் இல்லை. தேக்குத் தூளுக்கு மாஸ்க் கட்டாயம். பிட் சுற்றும்போது துப்பட்டாவும் தொங்கும் சட்டைக் கையும் பக்கத்தில் வரக் கூடாது. எமர்ஜென்சி பட்டன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், எர்த் கொடுத்திருக்க வேண்டும்.

இனி ஆசிரியரிடமும் எங்கள் பகுதிப் பெரியவர்களிடமும் கேட்பது. எண்களைக் கொடுத்து மில்லிங் மெஷினை ஓட்ட முடியும் என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் காட்டியது 1952ல், துளை போட்ட காகித நாடாவில் கட்டளை கொடுத்து. அதே 1952ல்தான் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் பொறியியல் கல்லூரி தொடங்கினார். அவர் கொடுத்த முந்நூறு ஏக்கரிலும் பதினைந்து லட்ச ரூபாயிலும் வந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953ல் திறந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆசாரிப் பையன் ஸ்டெப்பர் மோட்டாருக்கு வயர் கொடுக்க எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று கேட்டால் கை காட்ட ஓர் இடம் வேண்டாமா? எங்கள் வட்டாரத்து ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் சனிக்கிழமை மத்தியானம் ஒரு அறையைத் திறந்து வைத்தால் போதும். பிள்ளைகள் கையால் செய்து பழக மத்திய அரசு கொடுக்கும் அடல் டிங்கரிங் லேப் வாங்கிய பள்ளிகளுக்கு இருபது லட்சம் வரை நிதி உண்டு, ஆர்டுயினோ கார்டு அங்கே ஏற்கெனவே இருக்கும். பிள்ளைகள் விளக்கை மினுக்கவிட்டு நிறுத்திவிடாமல், இந்த மாதிரி மெஷின் ஒன்றைக் கட்டி, தங்கள் தெரு நிலைக்கதவை அதில் செதுக்கட்டும். சான்றிதழ் இல்லாத ஆசாரி ஒருவரை அழைத்து மரத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து.

உங்கள் நாளிதழில் வாரம் ஒரு அரைப் பக்கம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். வயரிங் படத்தோடு, கணக்கோடு, தமிழில். எங்கள் மகளுக்கு ஆங்கிலம் தெரியும், அதனால் தேடிப் படித்துச் சொன்னாள். அண்ணன் மாதிரி ஆட்களுக்கு அந்த வழி இல்லை. எழுதித் தர நாங்கள் தயார், பணம் எதுவும் வேண்டாம்.

சித்தப்பா மகனின் மெஷினையும் இந்த மாதம் பிரிக்கப் போகிறோம். சட்டமும் தண்டும் மோட்டாரும் நல்ல இரும்பு, நல்ல வேலை, அதில் குறை சொல்ல முடியாது. கார்டை மட்டும் தூக்கிவிட்டு ஊனோவைப் போட்டு, அந்தப் பெரிய மோட்டார் தாங்கும் டிரைவர் வைத்தால் ஆறாயிரத்துக்குள் ஓடிவிடும் என்று மகள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். டிரைவருக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்,
காரைக்குடி.